ஆறு சிலிண்டரா, எட்டு சிலிண்டரா?

மக்கா,

போனில் பேசினால் பாதியிலேயே "அம்மா, உனக்குப் புரியாது" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. எரிச்சலில் மடித்துப் போட்டாலும் சோற்றுக்குப் பிறகு எடுத்துப் படிக்கத்தான் செய்வாய், என் வயிற்றில் பிறந்தவன்தானே. ஞாயிற்றுக்கிழமை நீ கோயம்புத்தூருக்கு ரயில் ஏறிய பிறகு வீட்டுக்குப் பின்னால் போய் உன் ஷெட்டைத் திறந்து பார்த்தேன். மாமாவிடம் நீ கெஞ்சி வாங்கிய பழைய கார், முன்மூடி திறந்தபடி, எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லாமல் நிற்கிறது. மூன்று வருடமாக அப்படியேதான் நிற்கிறது. அந்தக் குழிக்குள் இப்போது ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது. துரத்தலாம் என்று துடைப்பத்தை எடுத்தால், உன் அப்பா அதற்குச் சாக்கு விரித்துக் கொடுத்துவிட்டு, "சவம், ஒரு பூனையாவது குடியிருக்கட்டும்டி" என்கிறார். கால் மைல் தூரத்தைப் பத்து விநாடிக்குள் ஓடப்போகிறது என்று நீ ஊரெல்லாம் சொல்லி வைத்த கார் அது.

இந்தக் கடிதத்துக்குக் காரணம் உன் கூட்டாளி செல்வின். உன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்து, இப்போது ஷார்ஜாவில் பழைய வண்டிகளைக் கழற்றி விற்கும் யார்டில் வேலை செய்கிறானே, அந்தப் பிள்ளை நேற்று என்னைக் கூப்பிட்டான். "அம்மா, அவன் போன எடுக்கவே மாட்டுக்கான். ஆறா எட்டான்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கம்மா. ரெண்டு எஞ்சினையும் விக்காம தனியா மாத்தி வச்சிருக்கேன். மொதலாளி என்னக் கண்டாலே சத்தம் போடுகான். சனிக்கிழமை கன்டெய்னரப் பூட்டி கொச்சிக்கு விட்டிருவானுவ" என்றான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கடல் கடந்து போய் வெயிலில் காயும் பிள்ளை, உனக்காக முதலாளியிடம் ஏச்சு வாங்குகிறான். நீ பம்பு கம்பெனி ஏ.சி. அறையில் உட்கார்ந்து பம்புக்குப் படம் வரைந்துகொண்டு, அவன் போனை எடுக்காமல் இருக்கிறாய்.

நாகர்கோவிலில் நம் ஜவுளிக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் நின்றே எனக்குத் தலை நரைத்துவிட்டது. புடவை எடுக்க வருகிறவர்களில் இரண்டு சாதி உண்டு. வாங்க வந்தவள் "சாயம் போகுமா, துவைச்சா சுருங்குமா, விலை என்ன" என்று கேட்பாள். வாங்க வராதவள் "அதுக்கு மேல இருக்கிற நீலத்த எடுங்க, அதுக்கும் மேல உள்ளத எடுங்க" என்பாள். அலமாரி முழுவதும் மேசைக்கு இறங்கிய பிறகு, பெருமூச்சு விட்டு, "அவியகிட்ட கேட்டுட்டு வாறேன்" என்று செருப்பை மாட்டுவாள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வராது. மடித்து அடுக்குவதும் வியாபாரத்தில் சேர்ந்ததுதான். ஆனால் அந்தச் சாதியில் ஒருத்தனை நானே பெற்று வைத்திருக்கிறேன் என்பதுதான் தாங்க முடியவில்லை.

எனக்குப் புரியாது என்கிறாய். மூன்று வருடம் நீ சாப்பாட்டு மேசையில் பேசியதைக் கேட்டால் நம் தென்னை மரத்துக்கும் புரிந்திருக்கும். ஆறு சிலிண்டர் என்பது ஜப்பான்காரன் செய்தது. ஆறும் ஒரே வரிசை, வார்ப்பிரும்பு பிளாக், டர்போ எவ்வளவு காற்றைத் திணித்தாலும் தாங்கும். உள்ளே பிஸ்டனையும் அதைப் பிடிக்கிற கம்பியையும் மாற்றிவிட்டால் ஆயிரம் குதிரைசக்தி தரும். அதைச் சொல்லும்போது உன் முகத்தில் ஒரு பக்தி வரும். ஆனால் நீளம் அதிகம். உட்கார வைக்க வேண்டுமென்றால் டாஷ்போர்டுக்கு முன்னால் இருக்கிற தகட்டை வெட்டிப் பின்னால் தள்ள வேண்டும். காரின் மூக்கில் பாரம் கூடும். பெரிய டர்போ எழும்ப நேரமெடுக்கும். ரேஸ் தொடங்கப் பச்சை விளக்கு எரியும்போது அது கொட்டாவி விடும்.

எட்டு சிலிண்டர் அமெரிக்காக்காரனுடையது. பக்கத்துக்கு நான்காகச் சரிந்து நிற்கும். நீளம் குறைவு, அகலம் கூடுதல். புகைக்குழாய் ஸ்டியரிங் கம்பியில் இடிக்கும் என்று வளைத்து வளைத்துப் படம் போட்டாய். வயிறு பெரிது, அதனால் டர்போ எழும்பும் முன்னாலேயே இழுவை இருக்கும். செல்வின் வைத்திருப்பது பிக்கப் வண்டியில் பாரம் இழுத்தது, அதற்கும் இரும்பு பிளாக்தான். ஆனால் அதில் அழகில்லை, அது ரேஸ் எஞ்சினே இல்லை, லாரிக்காரன் எஞ்சின் என்பாய். காலையில் இட்லிக்கு ஆறு ஜெயிக்கும். ராத்திரி கஞ்சிக்கு எட்டு ஜெயிக்கும். உன் அப்பா இருக்கிறாரே, மணவாளக்குறிச்சி மணல் கம்பெனியில் வேலை பார்த்தபோது எந்த யூனியன்காரன் பேசினாலும் தலையாட்டியவர், அவர் இரண்டு வேளையும் ஆமாம் போடுவார். டியூனிங் செய்கிற அந்தக் கோயம்புத்தூர்க்காரரைத் தீர்ப்புச் சொல்லச் சொல்லி ஒருநாள் ஸ்பீக்கரில் போட்டாய். அவர் பாவம், "ஏனுங்க, ரெண்டும் நல்லாத்தானுங்க ஓடும். ஏதாச்சும் ஒண்ணைக் கொண்டாங்க, நான் பார்த்துக்கறேன்" என்றார். அன்றைக்கே விஷயம் முடிந்திருக்க வேண்டும். நீ போனை வைத்துவிட்டு, "இவரு மனசு விட்டுச் சொல்லல்ல" என்றாய்.

சின்ன வயதிலேயே உனக்கு இது உண்டு. ஐந்தாம் வகுப்பில், ஜூன் மாத மழையில், புதுக்குடை வாங்கச் சொல்லிக் காசு கொடுத்து அனுப்பினேன். கடையில் உள்ள குடையை எல்லாம் விரித்துப் பார்த்து, ஒன்றுக்குக் கைப்பிடி சரியில்லை, ஒன்றுக்குக் கம்பி வளைகிறது என்று சொல்லி, காசைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தாய். நனைந்த கோழி மாதிரி வாசலில் நின்றாய். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். இப்போது நினைத்தால், அன்றே முதுகில் இரண்டு வைத்திருக்கலாம் என்று தோன்றுகிறது. எதற்கெடுத்தாலும் "பாத்துச் செய்யி, பாத்துச் செய்யி" என்று சொல்லி வளர்த்தது நான்தான் என்று உன் அப்பா என்மேல் சாய்க்கிறார். பாதிப் பழியை ஏற்றுக்கொள்கிறேன். "பாத்துச் செய்யி" என்பதில் செய்யி என்றும் ஒரு வார்த்தை இருக்கிறது, அதை நீ காதில் வாங்காததற்கு நான் என்ன செய்ய?

இந்த லீவில் நீ செய்ததுதான் எல்லாவற்றிற்கும் உச்சம். லேப்டாப்பில் வரிவரியாகக் கணக்கு வைத்திருக்கிற எஞ்சினியர், காலையில் தலைகுளித்து வந்து, "அம்மா, முத்தாரம்மன் கோயில்ல பூக்கட்டிப் பாப்போமா?" என்றாய். நம் ஊரில் பெண் எடுக்கவும் வீடு வாங்கவும் அறுவை சிகிச்சைக்குப் போகவும் அம்மனிடம் பூக்கட்டிக் கேட்பார்கள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். வாழையிலைத் துண்டில் ஒன்றுபோல் கட்டி, அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பது. அதில் ஒரு முறை இருக்கிறது. எது வந்தாலும் சம்மதம் என்று மனசு ஒத்துவந்த பிறகுதான் கேட்க வேண்டும். கேட்ட பிறகு பேச்சு மாறக்கூடாது. அம்மன் என்ன, நம் கடையில் வேலை செய்யும் பிள்ளையா, இன்னொன்றை எடுத்துப் போடு என்று சொல்ல?

சரி என்று நானும் வந்தேன். சிவப்புத் தெச்சி வந்தால் ஆறு, வெள்ளைப் பிச்சி வந்தால் எட்டு என்று நீயே சொன்னாய். கோயிலில் பூசை செய்யும் போற்றி பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "கல்யாண காரியமா?" என்று கேட்டார்.

"இல்ல போற்றி, எஞ்சின். ஆறு சிலிண்டரா எட்டு சிலிண்டரான்னு தெரியணும்" என்றாய்.

அவர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மனையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "அம்மைக்குக் கையி நாலுல்லா இருக்கு. நாலுல ஓடக்கூடியது ஒண்ணும் இல்லியா?" என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஏனென்றால் நாலில் ஓடக்கூடியது இருக்கத்தான் செய்தது. நீ கழற்றிப் போட்ட பழைய நாலு சிலிண்டர் எஞ்சின், ஷெட்டு மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. நீ சிரிக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்தாய். பிச்சி வந்தது. எட்டு. போற்றி குங்குமம் தந்தார். "முடிஞ்சுது, செல்வினக் கூப்பிடு" என்றேன். "கூப்பிடுகேன்" என்றாய். மூன்று நாள் கழித்து, எஞ்சின் விஷயம் அம்மனுக்குத் தெரியாது, குடும்பத் தெய்வத்திடம்தான் கேட்க வேண்டும் என்று சாஸ்தா கோயிலுக்கு அப்பாவை இழுத்துக்கொண்டு போனாய். அங்கே தெச்சி வந்தது. ஆறு. அதற்கும் செல்வினைக் கூப்பிடவில்லை. ஒரு கோயில் எட்டு, ஒரு கோயில் ஆறு, இனி மூன்றாவது கோயிலில் கேட்டால்தான் தெரியும் என்று தொடங்கினாயே, அப்போது எனக்கு வந்த கோபத்துக்கு நீ ரயில் ஏறித் தப்பித்தது நல்லது. சாமிகளுக்குள்ளேயே சண்டை மூட்டிவிடப் பார்த்தவன் நம் குடும்பத்தில் நீ ஒருத்தன்தான்.

ஆனால் மக்கா, அன்று பிச்சிப்பூவைப் பார்த்ததும் உன் முகம் விழுந்ததை நான் கவனித்தேன். ஆறுதான் வேண்டும் என்று உள்ளுக்குள் நினைத்திருக்கிறான் போல என்று எண்ணிக்கொண்டேன். சாஸ்தா கோயிலிலிருந்து திரும்பியபோது ஆறு வந்திருக்கிறது என்று அப்பா சொன்னார். அப்போதும் அதே முகம். அந்த முகம் எனக்குப் பழக்கம். "இது ஒங்களுக்கு நல்லா எடுப்பா இருக்கு, பில் போடட்டுமா?" என்று நான் கேட்டதும் சில பெண்களுக்கு வரும் முகம் அது. உனக்கு ஆறும் வேண்டாம், எட்டும் வேண்டாம். எஞ்சின் வந்தால் மாட்ட வேண்டும், மாட்டினால் ஓட்ட வேண்டும், ஓட்டினால் இன்னொரு வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அதுதான் உனக்கு வேண்டாம்.

கோயம்புத்தூர்ப் பக்கத்தில் அந்தப் பழைய விமான ஓடுபாதையில் நடந்த ரேஸைப் பற்றி நம் வீட்டில் யாரும் பேசுவதில்லை. நான் பேசப்போகிறேன். நானும் அப்பாவும் புளிச்சோறும் ஏத்தங்காய் உப்பேரியும் கட்டிக்கொண்டு ரயிலில் வந்தோம். வெயிலில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றோம். உன் வண்டியும் இன்னொரு வண்டியும் விளக்குக்கு முன்னால் உறுமிக்கொண்டு நின்றன. பச்சை எரிந்தது. உன் வண்டி ஒரு துள்ளுத் துள்ளியது, தேங்காய் உடைக்கிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். பின்சக்கரத்தின் ஆக்சில் ஒடிந்து, கோட்டிலிருந்து ஒரு ஆள் உயரம்கூட நகராமல் உட்கார்ந்துவிட்டது. அடுத்தவன் போயே போய்விட்டான். மைக்கில் பேசிய பையன் என்னவோ கேலி சொன்னான், ஜனம் சிரித்தது. எனக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. நம் ஊர் வண்டிமலைச்சி அம்மன் கோயில் கொடையில் மாட்டுவண்டி அச்சு ஒடிந்தாலும் சிரிக்கத்தான் செய்வார்கள், வண்டிக்காரனும் சேர்ந்து சிரிப்பான்.

நீ இறங்கவே இல்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தாய். நாலு பேர் உன்னை உள்ளே வைத்தே வண்டியைத் தள்ளி ஓரத்தில் விட்டார்கள். அப்பா போய் அடுத்த சீட்டில் உட்கார்ந்துகொண்டார். கூட்டம் கலைந்த பிறகுதான் கதவு திறந்தது. புளிச்சோறு அப்படியே திரும்பி வந்தது. ஸ்டேஷனில் எங்களை ஏற்றிவிடும்போது, முகத்தைப் பார்க்காமல், "நீங்க வந்திருக்கப்பிடாது" என்றாய். எனக்கு அது நெஞ்சில் குத்தியது மக்கா. இத்தனை நாளும் சொல்லவில்லை.

அடுத்த மாதமே வண்டியைக் கொண்டுவந்து ஷெட்டில் போட்டாய், எஞ்சினைக் கழற்றினாய். அன்றிலிருந்து எஞ்சின், எஞ்சின், எஞ்சின். நான் கேட்கிறேன், ஒடிந்தது என்ன? ஆக்சில். அந்த நாலு சிலிண்டர் என்ன பாவம் செய்தது? அது ஒழுங்காகத்தான் உறுமியது, ஆக்சிலை ஒடிக்கிற அளவுக்குப் பலமாகவே இருந்தது. மூன்று வருடத்தில் ஒருநாளாவது ஆக்சிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கிறாயா? கிணற்று வாளிக்குக் கயிறு அறுந்தால் கயிறு வாங்குவார்களா, புதிதாகக் கிணறு வெட்ட இடம் பார்ப்பார்களா? கடலை வற்ற வைத்துக் கருவாடு தின்னலாம் என்று நின்றே குடல் வற்றிச் செத்த கொக்கு உன்னைப் பார்த்தால் கும்பிடும்.

அதனால், நேற்று நீ எடுக்காத போனை நான் எடுத்தேன். செல்வினிடம் நம் கடைக்கு வாங்க வருகிறவள் கேட்கிற கேள்விகளையே கேட்டேன். "ரேஸ்ல ஒடஞ்சு போச்சுன்னா இன்னொண்ணு கிடைக்குமா மக்கா?"

"ஆறு சிலிண்டரு இந்த ஒண்ணுதான் அம்மா. இனி வந்தா உண்டு, வராட்டா இல்ல. எட்டு இங்க குமிஞ்சு கெடக்கு. பிக்கப்பு வந்துக்கிட்டே இருக்கும்லா."

"அதுக்கு ஏத்த கியர்பாக்ஸ்?"

"எட்டுக்கு அதுக்க கூடவே உண்டு. ஆறுக்குத் தனியாத் தேடணும்."

"ஆக்சிலு?"

"அவன் அதக் கேக்கவே இல்லியம்மா" என்றான். "அந்தப் பிக்கப்புக்க பின் ஆக்சில் கெடக்கு. நம்ம வண்டிக்கு அகலம் கூடுதல். வெட்டிக் கொறைக்கணும். ஆனா ஒடியாது, அது நான் சொல்லுகேன்."

எட்டை ஏற்றச் சொல்லிவிட்டேன். கேட்டதும் குதிப்பாய். குதி. ஆறு சிலிண்டர் நல்ல எஞ்சின்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது வந்தால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். துணி போட்டுத் துடைப்பாய், ஊதுவத்தி காட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டிருப்பாய், ஒரே ஒரு எஞ்சின், உடைந்தால் போச்சு என்று ஸ்டார்ட் பண்ணவே மாட்டாய். பீரோவில் பட்டுப்புடவையை வைத்துப் பூட்டி, கல்யாணத்துக்கெல்லாம் நைலக்ஸ் கட்டிப் போகிறவர்களை எனக்குத் தெரியும். ரேஸுக்கு எடுக்கிற எஞ்சின், உடைக்கப் பயமில்லாத எஞ்சினாக இருக்க வேண்டும். லாரிக்காரன் எஞ்சின் என்றாயே, லாரிக்காரன் அதை வைத்துக் காலமெல்லாம் பாரம் இழுத்திருக்கிறான், நீ கால் மைல் ஓட்ட மாட்டாயா?

ஆக்சிலையும் ஏற்றச் சொன்னேன். அவன் சரி என்று வைக்கப் போகும்போது, "மக்கா, வைக்காத. அந்த எட்டுல இன்னொண்ணும் ஏத்து" என்றேன்.

"ரெண்டா? ரெண்டு எதுக்கும்மா?"

"ஒண்ணு அவன் ஒடைக்கதுக்கு."

அந்தப் பிள்ளை அங்கே சிரிக்கிறது எனக்கு இங்கே கேட்டது. பக்கத்தில் நின்ற அப்பா சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டார். பூனைக்கு வேறு இடம் பார்க்கிறாராம்.

கொச்சியிலிருந்து எடுத்து வருவது உன் பொறுப்பு. வெட்டுவதும் மாட்டுவதும் அந்தக் கோயம்புத்தூர்க்காரரும் நீயும் பட்ட பாடு. என்னிடம் இனி ஒரு படமும் காட்டாதே. அடுத்த முறை எப்போது ஓடுகிறது என்று தேதி மட்டும் சொல், நாங்கள் டிக்கெட் போட வேண்டும். அப்பாவுக்கு முட்டுவலி, கீழ்ப் படுக்கை கிடைக்காவிட்டால் சிரமம். நீ ஜெயிக்க வேண்டும் என்று நான் யாரிடமும் பூக்கட்டிக் கேட்கப் போவதில்லை. ஓடினால் ஓடட்டும். நின்றுபோனால், ஹெல்மெட்டைக் கழற்று, கதவைத் திற, எல்லோர் கண்முன்னாலும் இறங்கி எங்களிடம் நடந்து வா. யார் வேண்டுமானாலும் சிரிக்கட்டும். நீங்கள் வந்திருக்கக்கூடாது என்று மட்டும் இன்னொருமுறை சொல்லாதே. தோற்றுப்போன பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கக்கூட எங்களுக்கு உரிமை இல்லையென்றால், பெற்றதற்கு வேறு என்னதான் மிச்சம்?

உன் அம்மா